கல்வராயன் மலைக்கு எதுக்குப் போர்த்துகீசியம்?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க ரூமைச் சுத்தி ஒரு பார்வை பாருங்க. ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, பேனா, சட்டையில பொத்தான். இந்த ஆறு வார்த்தையும் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. அங்கே அவை ஜனேலா, மேஸா, அர்மாரியு, ஷாவி, பேனா, பொத்தாவ். கட்டட வேலை பார்க்கிற மேஸ்திரி அங்கே 'மெஸ்த்ரி'. தண்ணி பிடிக்கிற பீப்பாய் அங்கே 'பீப்பா'. அதாவது ஒரு பாடம்கூடப் படிக்காமலேயே உங்ககிட்ட ஒரு சின்ன அகராதி இருக்கு.

"சரி, அதுக்காக கள்ளக்குறிச்சியில உட்கார்ந்துக்கிட்டு போர்த்துகீசியம் படிக்கணுமா? ஜெர்மன் படிச்சா மாஸ்டர்ஸ் போகலாம், ஜப்பானிய மொழி படிச்சா வேலை கிடைக்கும், இது எதுக்கு?" நியாயமான கேள்விதான். பதில் நம்ம மாவட்டத்து மண்ணுக்குள்ளேயே இருக்கு. அதன் பெயர் மரவள்ளி.

கிழங்கு வந்த வழி

சின்னசேலம் பக்கத்திலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ வர்ற நண்பர்களுக்கு மரவள்ளியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குச்சிக்கிழங்குன்னு சொன்னாலும் புரியும். மலையில் விளைந்த கிழங்கு லாரியில் இறங்கி சேகோ ஆலைக்குப் போகிறது. அங்கே ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறி வடநாட்டு விரதச் சமையல் வரைக்கும் போய்ச் சேருகிறது.

ஆனா இந்தச் செடி நம்ம ஊர்ச் செடி கிடையாது. மரவள்ளியை மனிதர்கள் முதன்முதலில் பயிராக்கியது அமேசான் காட்டின் தென்மேற்கு ஓரத்தில், இன்றைய பிரேசில் பகுதியில். அங்கிருந்த பூர்வகுடிகளின் துப்பி மொழிச் சொற்கள்தான் போர்த்துகீசியத்தில் 'மன்ஜியோக்கா' என்றும் 'டப்பியோக்கா' என்றும் ஆயின. நாம் சொல்ற டேப்பியோக்கா அதுதான்.

1500-ஆம் வருஷம் பெத்ரு ஆல்வாரிஸ் கப்ரால் என்ற போர்த்துகீசியத் தளபதி இந்தியாவுக்குக் கிளம்பினார். வழியில் ஏப்ரல் 22-ஆம் தேதி பிரேசில் கரையைப் பார்த்தார். அதே பயணத்தைத் தொடர்ந்து செப்டம்பரில் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். பிரேசிலும் நம்ம கடற்கரையும் ஒரே கடல்வழியில் இரண்டு நிறுத்தங்கள் ஆனது அப்படித்தான். அந்த வழியில் முந்திரி, அன்னாசி, பப்பாளி, மிளகாய் எல்லாம் வந்தன. மரவள்ளி கேரளக் கரைக்கு வந்ததும் போர்த்துகீசியர் வழியாகத்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதை மக்களின் உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இந்தப் பயிர் ஆயிரக்கணக்கான வருஷமா வாழ்ந்த நாட்டில், அதைப் பற்றிய அறிவு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கும்?

மூடிக் கிடக்கும் அலமாரி

பிரேசில் அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'எம்ப்ராபா', 1973-இல் தொடங்கியது. அதற்கு மரவள்ளிக்கும் பழங்களுக்கும் மட்டுமே ஒரு தனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாயியா மாநிலத்தில் க்ரூஸ் தாஸ் அல்மாஸ் என்ற ஊரில் அது இயங்குகிறது. எம்ப்ராபாவின் 'இன்ஃபோடெக்கா', 'அலிசி' என்ற இரண்டு இணையக் களஞ்சியங்களில் விவசாயிகளுக்கான கையேடுகளும் ஆய்வறிக்கைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலானவை போர்த்துகீசியத்தில். பூட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. மொழி மட்டும்தான் கதவு.

உள்ளே என்ன இருக்குன்னு மூணு உதாரணம் பார்ப்போம்.

முதல் உதாரணம்: பாயிண்ட். மரவள்ளி விற்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். கிழங்குக்கு விலை வெறும் எடைக்கு இல்லை, அதிலுள்ள மாவுச்சத்தின் பாயிண்டுக்கு. இரண்டு பாயிண்ட் குறைந்தால் ஒரு லோடில் எவ்வளவு போகும் என்பதை அப்பா வாயால் கேட்டிருப்பீங்க. பிரேசிலிலும் இதே கதைதான். அங்கே 'பலான்ஸா இத்ரோஸ்டாச்சிகா', அதாவது நீர்நிலைத் தராசு, என்று ஒன்று உண்டு. 5 கிலோ கிழங்கை எடுத்து, அதைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை போடுவார்கள். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது. அதனால் மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும்.

முதல் வருஷ பிசிக்ஸ்தான். காற்றில் 5000 கிராம், தண்ணீருக்குள் 500 கிராம் என்றால், இழந்த எடை 4500 கிராம். ஒப்படர்த்தி 5000-ஐ 4500-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 1.11. ஆர்க்கிமிடீஸ் சொன்னதுக்கு மேல ஒண்ணுமில்லை. இந்த எண்ணிலிருந்து உலர்பொருளையும் மாவுச்சத்தையும் கணக்கிட பிரேசிலில் கிராஸ்மன், ஃப்ரெய்டாஸ் என்ற இருவர் 1950-இல் கொடுத்த சமன்பாட்டை இன்னும் பயன்படுத்துகிறார்கள். சாவ் பாவ்லு பல்கலைக்கழகத்தின் 'செப்பேயா' மையம் மரவள்ளியின் சராசரி விலையைத் தொடர்ந்து வெளியிடுகிறது. டன்னுக்கு என்ன விலை என்பதோடு, தராசு காட்டும் ஒரு கிராம் மாவுக்கு என்ன விலை என்பதும் அதில் இருக்கும். விலை எப்படி அளக்கப்படுகிறது என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே மாதிரித் தெரிந்தால் பேரம் நியாயமாக நடக்கும். ஒரு வாளி, ஒரு தொங்கு தராசு, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருந்தா இதை வயல் ஓரத்திலேயே அளக்கலாம். மினி புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கலைன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க.

இரண்டாவது: மாவுப்பூச்சி. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியைச் சூறையாடிய பூச்சி இது. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1981-இல் பராகுவேயில் அதைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அதை அடக்கி வைத்திருந்த ஒரு மிகச் சிறிய குளவியும் கூடவே கிடைத்தது. பெயர் அனாகைரஸ் லோபெஸி. அந்தக் குளவியை ஆப்பிரிக்காவில் விட்ட திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களுக்கும் பரவியது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அந்தக் குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தது. ஏத்தாப்பூர் நமக்குத் தூரமில்லை, மலையின் மேற்குப் பக்கம் இறங்கினால் வந்துவிடும். பூச்சியும் தென் அமெரிக்கா, அதற்கு எமனும் தென் அமெரிக்கா. பிரேசில்காரர்கள் அந்தப் பூச்சியை 'கொஷொனில்யா' என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை தெரிந்தால் அவர்களது கையேடுகள் உங்களுக்குத் திறக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிடணும். நம்ம மரவள்ளியைப் பிடிக்கும் மொசைக் நோய் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள வைரஸ். தென் அமெரிக்காவில் அது இல்லை. அதனால் அதற்கான மருந்தை அங்கே தேட முடியாது. ஆனால் மொசைக் பரவுகிற ஒரு வழி, நோயுள்ள செடியிலிருந்து நறுக்கிய விதைக்குச்சி. நல்ல விதைக்குச்சியைப் பெருக்கி விவசாயிகளிடம் சேர்க்க எம்ப்ராபா 'ஹெனீவா' என்ற பெயரில் ஒரு வலையமைப்பே நடத்துகிறது. அந்த நடைமுறையில் நமக்குப் படிக்க நிறைய இருக்கு.

மூன்றாவது: ஆலைக் கழிவுநீர். கிழங்கைப் பிழிந்தால் வரும் நீருக்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு: 'மனிபுவெய்ரா'. மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை அரைக்கும்போது அது நொதியோடு சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும். பிழிந்த நீரை அப்படியே ஓடையில் விட்டால் கேடு. பிரேசிலில் அதைச் சில நாள் வைத்திருந்து, தண்ணீர் கலந்து, உரமாகவும் பூச்சி விரட்டியாகவும் பயன்படுத்தும் முறைகளைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நம்ம பக்கம் சில சேகோ ஆலைகள் கழிவுநீரிலிருந்து பயோகேஸ் எடுக்கின்றன. இரண்டு அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்களா இருக்கலாம்.

கூகுள் டிரான்ஸ்லேட் போதாதா?

பாதி போதும். மீதிப் பாதியில்தான் ஆபத்து. 'ஃபரீன்யா' என்று போட்டால் மாவு என்று வரும். ஆனால் 'ஃபரீன்யா ஜி மன்ஜியோக்கா' என்பது நம்ம கோதுமை மாவு மாதிரி இல்லை. வறுத்த, ரவை போன்ற பொருள். 'கோமா' என்றால் பசை என்று வரலாம். ஆனால் வடகிழக்கு பிரேசிலில் அது ஈர மரவள்ளி ஸ்டார்ச். 'அமீது', 'ஃபேக்குலா' இரண்டுமே ஸ்டார்ச் என்றுதான் வரும். ஆனால் மண்ணுக்குக் கீழே விளைகிற கிழங்கிலிருந்து எடுத்ததற்குத்தான் ஃபேக்குலா என்று பெயர். 'மனீவா' என்றால் நடவுக்கான குச்சி. 'மாங்கா' என்றால் மாங்காயும்தான், சட்டைக் கையும்தான்.

ஒரே கிழங்குக்கே அங்கே மூன்று பெயர். பொதுவாக மன்ஜியோக்கா, ரியோ பக்கம் 'அய்ப்பிங்', வடகிழக்கில் 'மக்கஷேய்ரா'. நாம் மரவள்ளி, குச்சிக்கிழங்கு, கன்னியாகுமரிப் பக்கம் கப்பக்கிழங்கு என்று சொல்ற மாதிரி. அதிலும் ஒரு எச்சரிக்கை. வேகவைத்து உண்ணும் வகைக்கு 'மான்ஸா', சாதுவானது. சயனைடு அதிகமுள்ள கசப்பு வகைக்கு 'பிராவா', முரட்டுத்தனமானது. இந்த இரண்டு சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டு ஒரு சமையல் குறிப்பை மொழிபெயர்த்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

தமிழ்க்காரங்களுக்கு ஈஸியான இடங்கள்

பிரேசில்காரர்கள் ஒரு வேலை சுலபம் என்றால் 'எ கான்ஜா' என்பார்கள். கான்ஜா என்றால் கோழி போட்ட அரிசிக் கஞ்சி. ஆமாம், நம்ம கஞ்சியேதான்! இங்கிருந்து போன சொல். மாங்காயும் அப்படித்தான் 'மாங்கா' ஆனது. மலையாளத்துச் சக்க 'ஜாக்கா' ஆனது. கயிறு 'கைரு' ஆனது. கஷ்டமான பிரச்சினையைத் தீர்ப்பதை அவர்கள் 'அன்னாசிப் பழத்தின் தோலை உரிப்பது' என்பார்கள்.

போர்த்துகீசியத்தில் நமக்கு எது கஞ்சி, எது அன்னாசி?

முதல் கஞ்சி, மூக்கொலி. 'பாவ்' (ரொட்டி), 'நாவ்' (இல்லை) போன்ற சொற்களின் முடிவில் மூக்கு வழியாக ஒலி வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவார்கள். நீங்க 'மரம்', 'வந்தான்' என்பதைப் பேச்சில் சொல்லிப் பாருங்க. கடைசி ம்-மும் ன்-னும் முழுசா வராது, உயிரொலி மூக்குக்குள்ள போய்டும். அதேதான்.

இரண்டாவது, த-வும் ட-வும் ச-வாக மாறுவது. 'டியா' (நாள்) என்று எழுதியதைப் பிரேசிலின் பல பகுதிகளில் 'ஜீயா' என்பார்கள். 'டியு' (மாமா) என்பது 'ச்சீயு' ஆகும். இ பக்கத்தில் வந்தால் ஒலி மாறுகிறது. நாமும் 'படித்தான்' என்று எழுதிவிட்டுப் 'படிச்சான்' என்றுதானே பேசறோம்? 'அடித்து' அடிச்சு ஆவதும் அதே வகை.

மூன்றாவது, வினைச்சொல். 'ஃபாலு' என்றால் பேசறேன். 'ஃபலாமுஸ்' என்றால் பேசறோம். நான், நாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ஆங்கிலம் வழியா போனா இது புது விதி. தமிழ் வழியா போனா தெரிஞ்ச விதி.

நான்காவது, ஆங்கிலத்தில் ஒன்றாக இருக்கும் 'இரு' என்ற வினை போர்த்துகீசியத்தில் இரண்டு: சேர், எஸ்டார். 'அவங்க டீச்சர்' என்பதற்கு சேர். 'அவங்க வீட்ல இருக்காங்க' என்பதற்கு எஸ்டார். தமிழில் முதல் வாக்கியத்தில் வினையே இல்லை, இரண்டாவதில் 'இரு' வருகிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் தொடங்க இது நல்ல கைப்பிடி.

அன்னாசி எதுன்னா, பால். மேசை பெண்பால், கட்டில் பெண்பால், புத்தகம் ஆண்பால். மன்ஜியோக்கா பெண்பால், அய்ப்பிங் ஆண்பால், ரெண்டும் ஒரே கிழங்கு! அஃறிணை என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இது மனப்பாடம்தான்.

இந்த மொழி உறவு புதுசு இல்லை. 1554-இல் லிஸ்பனில் தமிழும் போர்த்துகீசியமும் சேர்ந்த ஒரு நூல் ரோமன் எழுத்தில் அச்சானது. 1578-இல் கொல்லத்தில் என்ரிக் என்ரிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. 1679-இல் ப்ரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துகீசிய அகராதி வந்தது. அன்று அவர்கள் நம்மைப் படிக்க உட்கார்ந்தார்கள். இன்று நம்ம முறை.

கார்னிவலும் கால்பந்தும் மட்டும் பிரேசில் இல்லை

கலாச்சாரம் என்றதும் சாம்பா நடனத்தையும் மஞ்சள் ஜெர்சியையும் ஒட்டி ஒரு சார்ட் போட்டுட்டா முடிஞ்சது என்று நினைக்காதீங்க. மரவள்ளி வழியாகப் போனால் இன்னும் உள்ளே போகலாம்.

'காஸா ஜி ஃபரீன்யா' என்றால் ஃபரீன்யா வீடு. கிழங்கு அறுவடையானதும் அக்கம்பக்கத்தார் அங்கே கூடுவார்கள். சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே தோல் சீவுவார்கள், துருவுவார்கள், பிழிவார்கள், பெரிய தட்டில் வறுப்பார்கள். அமேசான் மக்கள் பிழிவதற்குப் 'டிப்பிட்டி' என்ற நீளமான பின்னல் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். துருவிய கிழங்கை உள்ளே அடைத்து, குழாயை இழுத்தால் அது ஒல்லியாகி, நஞ்சு நீர் வெளியேறும். மோட்டார் இல்லாத பிரஸ். ரியோ நெக்ரு ஆற்றுப் பகுதிப் பூர்வகுடிகளின் வேளாண் முறையை பிரேசில் 2010-இல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. அங்கே பெண்கள் மரவள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைக் காத்து வருகிறார்கள்.

1823-இல் எழுதப்பட்ட பிரேசிலின் முதல் அரசியலமைப்பு வரைவுக்கு 'மரவள்ளி அரசியலமைப்பு' என்றே பட்டப்பெயர். வாக்குரிமைக்கான வருமானத்தை மரவள்ளி மாவின் அளவில் கணக்கிட்டதால் அந்தப் பெயர். பேரரசர் முதலாம் பெத்ரு சபையையே கலைத்துவிட்டதால் அது நிறைவேறவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. அடிமைகளை ஏற்றிய கப்பல்களில் உணவாகக் கொடுக்கப்பட்டதும் இதே ஃபரீன்யாதான். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888-இல்தான். கிழங்கு இனிப்பானது, ஆனால் அது கடல் கடந்த கதை முழுக்க இனிப்பில்லை.

தெற்கே ஹியோ கிராண்ஜி தோ சூல் மாநிலத்தில் 'சகு' என்று ஒரு இனிப்பு. என்ன தெரியுமா? நம்ம ஜவ்வரிசிதான். நாம் பாலில் போட்டுப் பாயசம் வைப்போம், அவர்கள் சிவப்பு ஒயினில் வேகவைப்பார்கள்.

புராஜெக்டா எப்படிச் செய்யலாம்?

ஒரு செமஸ்டர், நாலைந்து பேர். இப்படிப் பிரிக்கலாம்.

1. முதல் ஆறு வாரம் மொழி. தினமும் அரை மணி நேரம் போதும். மொபைல் ஆப்களில் பிரேசில் போர்த்துகீசியமே கிடைக்கிறது. பேச்சைவிட வாசிப்பை முதல் இலக்காக வையுங்க.

2. அதே சமயம் வெள்ளிமலை, சின்னசேலம் பக்கம் போய், மரவள்ளி விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் பேசும் சொற்களைச் சேகரியுங்க. கரணை, பால், திப்பி, பாயிண்ட் என்று நூறு சொல் கிடைத்தாலே பெரிய சொத்து. எதிரே போர்த்துகீசியச் சொல்லை எழுதுங்க. அப்படி ஒரு தமிழ்ப் பட்டியல் கையில் இருந்தால்தான் அடுத்த வேலை நடக்கும்.

3. எம்ப்ராபாவின் ஒரே ஒரு சின்னக் கையேட்டை எடுத்துத் தமிழில் கொண்டுவாங்க. மெஷின் மொழிபெயர்ப்பை முதல் வரைவாக வைத்துக்கொண்டு, மேலே சொன்ன பொறிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்க. மருந்து, அளவு, நஞ்சு சம்பந்தப்பட்ட வரிகளை ஏத்தாப்பூர் நிலையத்து விஞ்ஞானிகளிடம் காட்டாமல் யாருக்கும் கொடுக்காதீங்க. அங்கத்து மண்ணும் மழையும் வேற.

4. மொழிபெயர்ப்பை மலைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்க. கேட்கிறவருக்குப் புரியலைன்னா தப்பு மொழிபெயர்ப்பில்தான். திருத்துங்க.

5. கடைசியா ஒரு சமையல் சோதனை. ஈர ஸ்டார்ச்சைச் சல்லடையில் சலித்து, எண்ணெய் இல்லாத சூடான தோசைக்கல்லில் பரப்புங்க. உளுந்து வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். சூட்டில் ஸ்டார்ச் பசையாகித் தானே ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை அப்பமாக எழும். பிரேசிலில் இதன் பெயர் 'டப்பியோக்கா', 'பெய்ஜு' என்றும் சொல்வார்கள். உள்ளே தேங்காய்த் துருவல் வைப்பது அவர்கள் வழக்கம். சாப்பிடத் தகுந்த ஸ்டார்ச்தானா என்று மட்டும் கேட்டு வாங்குங்க.

மலைக்குப் போகும்போது ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் நம்ம சர்வேக்கு சாம்பிள் கிடையாது. சாமையும் கேழ்வரகும் கடுக்காயும் அறிந்த மக்கள் அவர்கள். அமேசான் பெண்களின் அறிவைப் பாராட்டி எழுதிவிட்டு, பக்கத்து மலைப் பாட்டியிடம் "இந்தக் குச்சியை ஏன் இப்படிச் சாய்ச்சு நடறீங்க?" என்று கேட்காமல் திரும்பினால் புராஜெக்ட் பாதிதான் முடிஞ்சிருக்கும். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து, அதையும் போர்த்துகீசியத்தில் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்க. க்ரூஸ் தாஸ் அல்மாஸில் இருப்பவர்களுக்கும் நம்ம மலை பற்றித் தெரிய வேண்டாமா?

இன்னொரு கணக்கும் இருக்கு. 2022 கணக்கெடுப்புப்படி பிரேசிலின் மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். அங்கோலா, மொசாம்பிக் நாடுகளுக்கும் போர்த்துகீசியம்தான் ஆட்சிமொழி. அங்கேயும் மரவள்ளி முக்கிய உணவு. சேகோ இயந்திரம் செய்யத் தெரிந்த, இந்த மொழியும் தெரிந்த ஒரு மெக்கானிக்கல் என்ஜினியருக்கு அந்த நாடுகளில் என்ன மதிப்பு இருக்கும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, அறுவடை நடக்கிற ஒரு வயலில் நின்று, பாயிண்ட் எப்படிப் போடறாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அந்தப் பதிலை எழுதி வைக்கிற நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்க: மன்ஜியோக்கா. பெண்பால். மறந்துடாதீங்க.